போறதுக்கா, கிழிக்கிறதுக்கா?

தன் தம்பியின் கடைசி மாதச் சம்பளத்தை அவனுடைய முதலாளி பிடித்து வைத்துக்கொண்டார் என்று என் மனைவி அழுதுகொண்டே சொன்னபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. எழுத்துப் பிழை இல்லை, பொறாமைதான். அவள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். நான் சோற்றைப் பிசைந்தபடி, இப்படி ஒரு சண்டையை என்னோடு போட அந்த மனுஷனுக்கு ஏன் தோன்றவில்லை என்று வயிறு எரிந்துகொண்டிருந்தேன்.

முதலிலிருந்து சொன்னால்தான் இது புரியும். ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் ஒரு மசாலாத் தூள் ஆலை. ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும், தெற்கே சுங்காய் வரைக்கும் உள்ள சாப்பாட்டுக் கடைகளில் பாதிக்கு மேல் எங்கள் தூள்தான் கொதிக்கும். முதலாளி தமிழ் முஸ்லிம். அவருடைய அப்பா தலைச்சுமையாகத் தூள் விற்று வளர்த்த வியாபாரம் அது. அங்கே நான் லாரி ஓட்டினேன். நாள் முழுக்க மிளகாய் நெடியிலேயே இருந்து, வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூக்கினால் அது தும்மும். அப்படிப் பத்து வருஷத்துக்கும் மேல் ஓட்டினேன்.

என் மச்சினனை அங்கே சேர்த்துவிட்டதும் நான்தான். நாங்கள் இரண்டு பேரும் சுங்கை சிப்புட் பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டம் இப்போது வீட்டு மனையாகிவிட்டது, அதில் ஒரு வீட்டில்தான் நான் வாடகைக்கு இருக்கிறேன். அவன் படிப்பை விட்டுவிட்டுச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தபோது, என் லாரியிலேயே கெலிண்டானாக ஏற்றினேன். கெலிண்டான் என்றால் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்து மூட்டை இறக்குகிறவன். எனக்குக் கீழே இருந்தவன் என்பதை இங்கே அழுத்திச் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அவனுக்கு ஒரு முகராசி. நான் வருஷக்கணக்காகத் தூள் இறக்கிய கடைக்காரர்கள் எனக்குத் தலையை மட்டும் ஆட்டுவார்கள். அவன் போன மூன்றாம் வாரமே "தம்பி, தே தாரிக் சாப்பிட்டுப் போ" என்று டீ ஆற்றிக் கொடுத்து உட்கார வைத்தார்கள். எந்தக் கடையில் எந்த மகளுக்குக் கல்யாணம், எந்தக் கடையில் சமையல்காரர் கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றெல்லாம் அவனுக்குத் தெரியும். இரண்டு வருஷத்தில் ஆர்டர் பிடிக்கிற வேலை அவனிடம் போனது. முதலாளி தன் காரிலேயே அவனைக் கூட்டிக்கொண்டு போனார். அவனைத் 'தம்பி' என்றும் என்னை 'டிரைவர்' என்றும் கூப்பிடுவார். நோன்பு மாதத்தில் முதலாளி வீட்டிலிருந்து கஞ்சி வரும். ஒரு தூக்குதான் வரும், அதுவும் அவன் கையில்தான் வரும். நான் அவனிடம் பங்கு கேட்டு வாங்கிக் குடித்தேன். கஞ்சி ருசியாகத்தான் இருந்தது, இறங்கத்தான் கஷ்டப்பட்டது.

அந்த ஆலையில் ஒரு பழக்கம் உண்டு. சம்பள உயர்வு வேண்டுமென்றால் யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். கேட்டால் முதலாளிக்குப் பிடிக்காது, மிளகாய் விலை ஏறியதைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார். அதற்குப் பதில் ராஜினாமாக் கடிதம் கொடுக்க வேண்டும். அவர் வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு வரி படிப்பார். முகம் சிவக்கும். "என்னடா நெனச்சிக்கிட்டு இருக்கே, நான் செத்துட்டேன்னா?" என்று கத்திக்கொண்டே கடிதத்தை நாலாகக் கிழித்துக் குப்பையில் போடுவார். அந்த மாதச் சம்பளத்தில் நூறு வெள்ளி கூடியிருக்கும். இதை யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. அரவை மிஷினில் நிற்கிற அண்ணனிலிருந்து கணக்குப் பார்க்கிற அக்கா வரைக்கும் எல்லாரும் ஒரு தடவையாவது கிழிபட்டவர்கள். கிழிபட்டு வெளியே வருகிறவன் முகத்தைப் பார்க்க வேண்டும், பெண் பார்த்துவிட்டு வருகிற மாப்பிள்ளை மாதிரி இருக்கும்.

கடிதத்தை மலாயில் அடித்துக் கொடுப்பது பக்கத்துச் சாலையிலிருக்கிற போட்டோஸ்டாட் கடைப் பெண். எங்கள் ஆலைக்கென்றே ஒரு கடிதம் அவளுடைய கம்ப்யூட்டரில் இருந்தது. பேரையும் ஐசி என்கிற அடையாள அட்டை நம்பரையும் மட்டும் மாற்றுவாள். போனதும் முதல் கேள்வியே, "போறதுக்கா, கிழிக்கிறதுக்கா?" என்பதுதான். போகிறதுக்கு என்றால் தடித்த தாள். கிழிக்கிறதுக்கு என்றால் மெல்லிசுத் தாள், இருபது காசு குறைவு.

நான் அதுவரைக்கும் கடிதம் போட்டதில்லை. பயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மச்சினனுக்கு அவன் போடாமலேயே சம்பளம் ஏறியது என்று என் மனைவி மூலமாகத் தெரிந்த பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பெருநாள் முடிந்து முதலாளி நல்ல மனநிலையில் இருந்த ஒரு வாரத்தில் போட்டோஸ்டாட் கடைக்குப் போனேன். கிழிக்கிறதுக்கு என்றேன். மெல்லிசுத் தாளில் அடித்துக் கொடுத்தாள்.

முதலாளி வாங்கினார். கண்ணாடி போட்டார். நான் அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வரியில் நிறுத்தவில்லை, கடைசி வரைக்கும் படித்தார். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். மேசை டிராயரைத் திறந்து கம்பெனிச் சாப்பை எடுத்து, மை சரியாக இருக்கிறதா என்று வேறொரு தாளில் குத்திப் பார்த்துவிட்டு, என் கடிதத்தில் குத்தினார்.

"எட்டு வாரம் நோட்டீசுக்கு நீங்க வர வேணாம் டிரைவர். அந்தக் காசையும் சேத்துக் குடுக்கச் சொல்லிடுறேன். லாரிச் சாவிய அக்காகிட்ட குடுத்துட்டுப் போங்க. நல்லா இருங்க."

கை வேறு கொடுத்தார். நானும் கொடுத்தேன். வேறு என்ன செய்வது? ஐயா, இதைக் கிழிக்க மறந்துவிட்டீர்கள் என்றா சொல்ல முடியும்?

வெளியே எல்லாரும் எவ்வளவு ஏறியது என்று கண்ணாலேயே கேட்டார்கள். நிஜமாகவே போகிறேன் என்றேன். வேலை செய்யாமலே எட்டு வாரச் சம்பளமா, கொடுத்து வைத்த ஆள் என்றார்கள். வீட்டிலும் அதே பாட்டு. என் மனைவி அந்தப் பணத்தில் துணி துவைக்கிற புது மிஷின் வாங்கினாள். மச்சினன் அன்று சாயங்காலமே வந்து, "மச்சான், நம்ம ஆளுங்கள்ல யாருக்கும் இப்படி நடந்ததில்லலா" என்று கட்டிப்பிடித்தான். உண்மைதான். யாருக்கும் நடக்கவில்லை. இன்றைக்கும் அந்த மிஷின் சுற்றுகிற சத்தம் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும்.

மறுநாளே என் லாரியை வேறொருவன் ஓட்டினான். சிவப்பு விளக்கில் பக்கத்தில் வந்து நின்றது. கதவிலே நான் ஒட்டிய முருகன் படம் அப்படியே இருந்தது. விளக்கு பச்சையானதும் அது முன்னால் போய்விட்டது.

பார்சல் கம்பெனி ஒன்றில் வேன் ஓட்டப் போனேன். ஒரு வருஷம் ஓடியது. அந்த ஒரு வருஷமும் முதலாளி ஏன் கிழிக்கவில்லை என்பதைத்தான் யோசித்தேன். அன்று அவருக்கு உடம்பு சரியில்லையோ, வியாபாரம் படுத்திருந்ததோ, நான் நிஜமாகவே போகிறேன் என்று நினைத்துவிட்டாரோ என்று விதவிதமாகச் சமாதானம் செய்துகொண்டேன். கடைசிக் காரணத்தில்தான் நிம்மதியாக இருந்தது. விஷயம் தெரியாமல் நடந்த தவறு என்று வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் மச்சினன் போகிறேன் என்றான். அவன் மனைவி பிள்ளையோடு பட்டர்வொர்த்தில் அவளுடைய அம்மா வீட்டில் இருந்தாள், அங்கே ஒரு தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. இவனுக்கும் அங்கேயே வேலை கிடைத்துவிட்டது. வாடகைக்கு வீடும் பார்த்துவிட்டார்கள். கடைசி மாதச் சம்பளம் வந்தால் வீட்டுக்கு முன்பணம் கட்டிவிடலாம். பிள்ளை அப்பாவைப் போனில் பார்த்தே வளர்ந்துகொண்டிருந்தது.

போட்டோஸ்டாட் கடையில் போறதுக்கு என்று சொல்லித் தடித்த தாளில் வாங்கினான். அவன் செய்த தப்பு, எல்லாரையும் போல அதைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தது. வாட்சாப்பில் படம் பிடித்து அனுப்பியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் முதலாளிக்கு யார் வாட்சாப்பில் ராஜினாமா அனுப்புவார்கள்? மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

முதலாளி முதல் வரியிலேயே கிழித்தார். மாதக் கடைசியில் சம்பளம் ஏறியிருந்தது. இல்லை முதலாளி, நான் நிஜமாகவே போகிறேன் என்று இவன் இன்னொன்று கொடுத்தான். அதையும் கிழித்து, காரில் ஏற்றிக்கொண்டு போய் நாசி கண்டார் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். மூன்றாவதைப் படிக்கவே இல்லையாம். கிழிக்கும்போது கண் கலங்கிவிட்டதாம். ஒவ்வொன்றையும் என் மனைவி வந்து பெருமையோடு சொன்னாள். நான் ஒவ்வொன்றுக்கும் ம் கொட்டினேன். மூன்று கடிதம், அதுவும் தடித்த தாள். கிழிக்கக் கஷ்டமாக இருந்திருக்கும் அவருக்கு.

முதல் கடிதம் கொடுத்ததிலிருந்து எட்டு வாரம் எண்ணி, மச்சினன் வேலையை விட்டு நின்றுவிட்டான். சம்பள நாளில் பணம் வரவில்லை. நோட்டீஸ் கொடுக்காமல் ஓடிவிட்டான், அதற்கு ஈடாகப் பிடித்துக்கொண்டேன் என்றார் முதலாளி. கடிதமா, எந்தக் கடிதம், காட்டச் சொல்லுங்கள் என்றார். அவனே நேரில் வந்து கேட்டால் யோசிக்கலாம் என்றும் சொல்லி அனுப்பினார். அந்த மனுஷனுக்குப் பணம் வேண்டாம், அவன் வந்து முன்னால் நிற்க வேண்டும். எனக்கு அது நன்றாகவே விளங்கியது. அந்த ராத்திரிதான் நான் சோற்றைப் பிசைந்துகொண்டு வயிறு எரிந்தது.

மச்சினன் லேபர் ஆபீசில் புகார் கொடுத்தான். கடிதங்கள் கிழிக்கப்பட்டதைச் சொல்ல ஒரு சாட்சி வேண்டும். ஆலையில் எல்லாருக்கும் தெரியும், ஆனால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவரவருக்கு அடுத்த பெருநாளுக்குக் கிழிபட வேண்டிய கடிதம் இருக்கிறது. நீங்கள்தானே வெளியில் இருக்கிறீர்கள் என்றாள் என் மனைவி. ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்று முனகினேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். போனேன்.

லேபர் ஆபீசில் ஒரு மலாய் அம்மா விசாரித்தார், 'புவான்' என்று மரியாதையாகக் கூப்பிட வேண்டும். பொறுமையானவர். மொழிபெயர்க்கிறவர் வேறொரு கேசில் இருப்பதால் முதலில் மலாயிலேயே பேசிப் பார்ப்போம் என்றார். எதிரே முதலாளி. மடிப்புக் கலையாத சட்டை, கையில் ஒரு பைல். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். மச்சினனைப் பார்க்கும்போது மட்டும் அவர் முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது, கோபித்துக்கொண்டு போன மகனைப் பார்க்கிற மாதிரி. அதை நான் கவனிக்காமல் இருந்திருக்கலாம். கவனித்தேன்.

முதலாளி தன் பக்கத்தைச் சொன்னார். தன் ஆலையில் யாராவது கடிதம் கொடுத்தால் முறைப்படி வாங்கி, கையெழுத்துப் போட்டு, சாப்புக் குத்தி, நோட்டீஸ் பணம் வரைக்கும் கொடுத்து அனுப்புவாராம். கிழிக்கிற பழக்கமெல்லாம் கட்டுக்கதையாம். ஆதாரம் இருக்கிறது என்று பைலைத் திறந்து ஒரு தாளை அந்த அம்மாவின் முன்னால் வைத்தார்.

என் கடிதம். பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது. மெல்லிசுத் தாள், ஒரு சுருக்கம் இல்லை.

இது உங்களுடையதுதானா என்று அந்த அம்மா கேட்டார். ஆமாம் என்றேன். இதைக் கிழித்தாரா என்றார். இல்லை என்றேன். முதலாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். மச்சினன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பட்டர்வொர்த் வீடு அப்போது என் வாயில் தொங்கிக்கொண்டிருந்தது. அவனுக்காகச் சாட்சி சொல்லப் போன என் கடிதமே அவனுக்கு எதிர்ச்சாட்சி ஆகிவிட்டது.

"புவான், அது கிழிக்கிறதுக்காக எழுதின கடிதம்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. விளக்கினேன். நூறு வெள்ளியையும், போட்டோஸ்டாட் கடைப் பெண்ணையும், மெல்லிசுத் தாளையும், இருபது காசையும் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தினார். அப்படியென்றால் உங்களுக்கு வேலையை விடுகிற எண்ணமே இல்லையா என்று கேட்டார்.

இல்லை என்றேன். பக்கத்தில் மச்சினனின் நாற்காலி கிரீச்சிட்டது. அவனுக்கு அது தெரியாது. என் மனைவிக்கும் தெரியாது. பிறகு ஏன் அப்போதே சொல்லவில்லை என்றார் அந்த அம்மா. சொன்னால் அவர் அனுப்பினதாக ஆகும், சொல்லாவிட்டால் நானாக வந்ததாக இருக்கும் புவான் என்றேன். அவர் முதலாளியின் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவே இல்லை.

மற்றவர்களுடையதைக் கிழித்திருந்தால், இவருடையதை மட்டும் ஏன் கிழிக்கவில்லை என்று கேட்டார்.

நான் ஒரு வருஷமாகக் கேட்க நினைத்த கேள்வி. உடம்பு சரியில்லை என்று சொல்லட்டும், நிஜமாகவே போகிறார் என்று நினைத்தேன் என்று சொல்லட்டும் என்று நான் வேண்டிக்கொண்டது மச்சினனின் கேசுக்காக இல்லை. கிழிக்கிற பழக்கமே இல்லை என்று முதலாளி இன்னொரு தடவை சொல்லியிருந்தால் போதும், கேஸ் அவர் பக்கம் நின்றிருக்கும். ஆனால் அவர் என்னையும் பார்க்கவில்லை, அந்த அம்மாவையும் பார்க்கவில்லை. மச்சினனைப் பார்த்துத் தமிழில் பேசினார்.

"அவரு போனா லாரிக்கு ஆள் கெடைக்கும் தம்பி. நீ போனா எனக்கு யாரு இருக்கா? அதனாலதானே ஒவ்வொரு தடவையும் கிழிச்சேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

என்ன சொன்னார் என்று அந்த அம்மா கேட்டார். மச்சினனுடைய சம்பளம், வீடு, பிள்ளை எல்லாம் அந்த ஒரு பேச்சில் இருந்தது, அவன் வாயைத் திறந்தால் போதும். அவன் மேசைக்குக் கீழே என் தொடையைத் தொட்டு, "வேணாம் மச்சான், விடுங்க" என்றான். அவன் நல்லவன் என்பதில் எனக்கு எப்போதுமே சந்தேகம் இருந்ததில்லை. அதற்கும் சேர்த்துத்தான் பொறாமை.

நானே மொழிபெயர்த்தேன். பின்பாதியை மட்டும் சொல்லியிருக்கலாம், கேசுக்கு அது போதும். ஆனால் அந்த அம்மா கேட்டது என்னைப் பற்றி. அதனால் முன்பாதியிலிருந்தே, ஒரு வார்த்தை விடாமல் மலாயில் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே வந்தார். நடுவில் நிறுத்தி, "அவர் போனால் வேறு ஆள் கிடைக்கும்" என்று இருக்கிறதே, அந்த அவர் யார், பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள் என்றார்.

"நான்தான் புவான்" என்றேன்.

எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ரொம்ப நேரம் ஆகவில்லை. கிழித்ததை அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டதால் நோட்டீஸ் கொடுத்தது கொடுத்ததுதான் என்று அந்த அம்மா எடுத்துச் சொன்னார். வார முடிவுக்குள் முழுச் சம்பளத்தையும் கொடுத்துவிடுவதாக முதலாளி கையெழுத்துப் போட்டார். பைலை மூடும்போது என் கடிதத்தை மறுபடியும் உறைக்குள் ஒழுங்காகப் போட்டுக்கொண்டார்.

கார் நிறுத்துகிற இடத்தில் அவர் எங்களைத் தேடி வந்தார். மச்சினனின் தோளில் கை வைத்து, பட்டர்வொர்த் சரிப்பட்டு வரவில்லையென்றால் எப்போது வேண்டுமானாலும் திரும்பி வா, உன் இடத்தில் யாரையும் வைக்க மாட்டேன் என்றார். இவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சம்பளத்தைப் பிடித்து வைத்தவரும் புகார் கொடுத்தவனும் வெயிலில் கட்டிப்பிடித்து நின்றார்கள். நான் காரை ஸ்டார்ட் செய்து ஏர்கானைத் திருப்பிவிட்டேன். கிளம்பும்போது முதலாளி என் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினார். சட்டென்று இறக்கினேன். எவ்வளவு சட்டென்று என்று நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"பிள்ளைங்கல்லாம் நல்லா இருக்கா டிரைவர்?"

நல்லா இருக்காங்க முதலாளி என்றேன். அவ்வளவுதான்.

செம்மோர் ஊரைத் தாண்டும்போது மச்சினன் ஏர்கானைக் குறைத்தான். பிறகு, அதை நீங்கள் அப்படியே சொல்லியிருக்க வேண்டாம் மச்சான் என்றான். வேறு எப்படிச் சொல்வது என்று கேட்டேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வீட்டு வாசலிலேயே என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். பணம் வந்துவிடும் என்று தம்பி சொன்னதும் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். சாப்பாடு போட்டாள். முதலாளி என்ன சொன்னார் என்று அவனைத் துருவித் துருவிக் கேட்டாள். நீ போனால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று சொன்னதை அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான், அதற்கு முன்னால் சொன்னதை விட்டுவிட்டான். அவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. பிறகு ரசம் ஊற்றிக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

"உங்களப் பத்தி ஒண்ணும் சொல்லலயா?"

மச்சினன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பின்கட்டில் அந்த மிஷின் சுற்றிக்கொண்டிருந்தது.

"பிள்ளைங்கள விசாரிச்சாரு" என்றேன்.